சவரிமுத்து நாலு மணிக்குத் திரும்பவில்லை

தம்பி,

இந்தக் கடிதத்தைப் பரேடு மைதானத்திலிருந்து வந்த களைப்போடு, நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு பிரிக்காதே. ஓர் ஓரமாக உட்கார்ந்து, கதவிருந்தால் சாத்திக்கொண்டு படி. வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்போதும் போல. அதைச் சொல்வதற்காக நான் இத்தனை பக்கம் எழுத உட்காரவில்லை என்பது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். போன வாரம் ஜங்ஷனில் வேலூர் வண்டி புறப்படும் நேரத்தில் நீ குனிந்து என் காலைத் தொட்டாய். நிமிர்ந்து, "உங்கள மாதிரி ஒரு கரும்புள்ளி இல்லாம சர்வீஸ முடிக்கணும்ப்பா" என்றாய். சப் இன்ஸ்பெக்டர் பயிற்சிக்குப் போகிற பிள்ளை ஹெட் கான்ஸ்டபிள் அப்பனிடம் அப்படிச் சொன்னால் எந்த அப்பனுக்கும் நெஞ்சு விம்மத்தான் வேண்டும். எனக்கு விம்மவில்லை. வண்டி நகர்ந்த பிறகும் பிளாட்பாரத்தில் நின்றேன். போர்ட்டர் ஒருவன் வந்து, "ஏட்டய்யா, உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டான். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

நான் முப்பது வருஷம் காக்கி போட்டவன். அதில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டர். ரைட்டர் என்றால் உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். ஸ்டேஷனில் யார் எத்தனை மணிக்கு எங்கே போனான், எத்தனை மணிக்குத் திரும்பினான் என்று ஸ்டேஷன் டைரியில் மணி போட்டு எழுதுகிறவன். ஒரு கான்ஸ்டபிள் தண்ணீர் குடிக்கப் போவதைத் தவிர மற்ற எல்லாம் அதில் ஏற வேண்டும். டைரியில் இருந்தால் நடந்தது, இல்லாவிட்டால் நடக்கவில்லை, அவ்வளவுதான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று சர்க்கிள் ஆபீஸ் வரைக்கும் பேர். அந்தக் கர்வத்தில் ஒரு பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. தினமும் நடப்பதுதானே நடக்கப்போகிறது என்று மத்தியானமே சாயங்காலத்து வரிகளையும் சேர்த்து எழுதி முடித்துவிடுவேன். "மாலை மணி நான்கு. டூட்டி முடிந்து திரும்பி ஆஜர்." கான்ஸ்டபிள் அப்போது எங்கேயோ வெயிலில் நின்றுகொண்டிருப்பான், என் டைரியில் அவன் திரும்பி வந்திருப்பான். பல ரைட்டர்கள் வேலை மிஞ்சிப்போய் மறுநாள் எழுதுவார்கள். நான் ஒருவன்தான் நாளையை இன்றைக்கே எழுதுகிற கெட்டிக்காரன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

நீ ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் தினமும் மழை, வெயில், காற்று பார்த்து நோட்டில் குறிக்கச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? முதல் வாரத்திலேயே மாதக் கடைசி வரைக்கும் எழுதி வைத்துவிட்டாய். இருபத்தெட்டாம் தேதி லேசான தூறல் என்று கூடப் போட்டிருந்தாய். உன் அம்மா அதை என்னிடம் காட்டி உன்னைக் கண்டிக்கச் சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கான்" என்று உன் முதுகில் தட்டினேன். நீ பூரித்துப்போனாய். ஒரு தகப்பன் பிள்ளைக்குச் செய்யக்கூடாத காரியங்களில் அதுவும் ஒன்று. அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் ஆடிப்பெருக்கு வந்தது.

அந்த ஆடிப்பெருக்கு உனக்கு மறக்காது. இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்தால் அந்தச் சாயங்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டாய். அப்பா முதல் தடவையாகப் பண்டிகை நாளில் வீட்டோடு இருந்த நாள். சிந்தாமணிக் கரையில் மணலில் ஜமுக்காளம் விரித்து, எலுமிச்சஞ்சோறும் தேங்காய்ச் சோறும் சாப்பிட்ட நாள். நீ அதைச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து போய்விடுவேன். சுருட்டுப் பிடிக்கப் போகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். அந்த நாளைத்தான் இப்போது உன்னிடமிருந்து பிடுங்கப் போகிறேன். வேறு வழி இல்லை, தம்பி.

அப்போது நான் ஸ்ரீரங்கத்துப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ரைட்டர். மேட்டூரில் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். காவிரி செம்மண் நிறத்தில் இரு கரையும் முட்டிக்கொண்டு ஓடியது. காலையில் படித்துறைகளுக்கு ஆள் பிரித்தேன். அம்மா மண்டபத்துக்கு மேற்கே இருந்த சின்னப் படித்துறைக்குச் சவரிமுத்துவைப் போட்டேன். போலீஸ் லைனில் நமக்கு மூன்றாவது வீட்டில் இருந்தானே, மணப்பாறைப் பக்கத்து ஆள், ஆறடி உயரம். பழைய விசில் ஒன்றை உனக்குக் கொடுத்துவிட்டு, நீ அதை ஊதி லைனையே எழுப்பியதற்கு என்னிடம் ஏச்சு வாங்கினவன். என் மேஜைக்கு முன்னால் வந்து தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே, "அண்ணே, எனக்கு நீச்சல் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே படித்துறையில போட்டுட்டீங்களே" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்துக்கொண்டே, "நீ என்ன ஆத்துக்குள்ளயா நிக்கப்போற? படியிலதானே? போயிட்டு வா" என்றேன். காலை எட்டு முதல் மாலை நாலு வரை அவனுக்கு. நாலு மணிக்கு அவனை மாற்ற இன்னொரு கான்ஸ்டபிள் போக வேண்டும். மாற்று ஆள் வந்து நிற்காமல் இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது சட்டம். சவரிமுத்து சட்டத்தை மீறுகிறவன் இல்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு நான் உட்கார்ந்து ஆறு மணி வரைக்கும் டைரியை எழுதினேன். மூன்றரைக்கு மாற்று ஆள் புறப்பட்டான் என்று எழுதினேன். நாலு மணிக்குச் சவரிமுத்து திரும்பி ஆஜர் என்று எழுதினேன். டைரியின் நகல் தினமும் சர்க்கிள் ஆபீஸுக்குப் போக வேண்டும். அதையும் இரண்டு மணிக்கே தபால்காரக் கான்ஸ்டபிளிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி வீட்டுக்கு வந்து, காக்கியைக் கழற்றி வேட்டி கட்டிக்கொண்டேன். நீ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாய். அந்த மூன்றரை மணிக்கு மாற்று ஆள் புறப்படவே இல்லை. இன்ஸ்பெக்டர் வீட்டுப் பெண்கள் கூட்டத்தில் சிக்காமல் முழுகிவிட்டுப் போக, அவனைத்தான் துணைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நான் என் நாற்காலியில் இருந்திருந்தால் மூன்றரைக்கே தெரிந்திருக்கும். வேறு யாரையாவது அனுப்பியிருப்பேன்.

நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கரையில் ஒரு கூச்சல் கேட்டது. கூட்டம் ஒரு பக்கமாக ஓடியது. நீ எழுந்து நின்று, "அப்பா, அங்க என்னமோ நடக்குது, வாங்க பாக்கலாம்" என்றாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "இன்னிக்கு நான் போலீஸ் இல்ல, உங்கப்பன். சாப்புடு" என்றேன். அதைத்தான் நீ இன்று வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். மணி அப்போது ஐந்தேகால் இருக்கும். தாலிக்கயிறு மாற்ற வந்த ஒரு புதுப்பெண் பாசிப் படியில் வழுக்கி ஆற்றில் போனாள் என்றும், சவரிமுத்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கி லத்தியை நீட்டினான் என்றும், அவளைப் படிக்குத் தள்ளிவிட்ட வேகத்தில் அவன் கால் பெயர்ந்தது என்றும் பூக்கார அம்மாள் ஒருத்தி பிற்பாடு எனக்குச் சொன்னாள். காலில் பட்டி சுற்றிய, நீச்சல் தெரியாத மனிதன். அந்தப் பெண்ணை அவள் வீட்டார் அப்போதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. பார்த்த மற்றவர்களைக் கூப்பிட்டு யாரும் விசாரிக்கவில்லை.

மறுநாள் காலையில் கல்லணை போகிற பக்கத்தில் ஒரு முள்புதரில் அவன் கிடைத்தான். காக்கிச் சட்டை, பெல்ட், காலில் சுற்றிய பட்டி எல்லாம் அப்படியே இருந்தன. நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டர் டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டபடி திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் விரலை அந்த வரியில் வைத்து, ரொம்ப மெதுவாக, "என்னய்யா ரைட்டர், நாலு மணிக்கு வந்துட்டான்ல? டூட்டி முடிஞ்சுபோச்சு. அப்புறம் அவன் எங்க போனா நமக்கென்ன?" என்றார். "அய்யா, அவன் வரல. நான் முன்னாடியே எழுதிட்டேன்" என்றேன். "அப்ப ஒன் வேலை போகும். நகலு சர்க்கிளுக்குப் போயாச்சு. மாத்து ஆளு ஏன் போகலன்னும் கேப்பாங்க. அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். பிறகு பேனாவை என் பக்கம் நகர்த்தினார். வீட்டுக்குப் போகிற வழியில் கால் கழுவ ஆற்றில் இறங்கியவர் வழுக்கி விழுந்தார் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அதுவும் முத்து முத்தாகத்தான் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும், தம்பி. கையெழுத்து அழகாக இருந்தால் போதும், ஒருவரும் கிளறிப் பார்க்க மாட்டார்கள்.

டூட்டியில் சாகவில்லை என்று ஆகிவிட்டதால் அவன் மனைவி ஆரோக்கியமேரிக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு மாதத்தில் லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். குடித்துவிட்டு விழுந்திருப்பான் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அதையும் அவள் காதில் வாங்கிக்கொண்டுதான் பாத்திரங்களைக் கட்டினாள். நீதான் அவர்களுடைய கோழிக்கூடையைத் தூக்கிக்கொண்டு பாலக்கரை வரை கூடப் போனாய். என்னை அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். "நீங்க இருக்கீங்கண்ணே, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு பெண் குழந்தைகள். போலீஸ் சட்டை தைக்கிற கடையிலிருந்து துணி வாங்கிக் காஜா எடுத்து, பட்டன் தைத்துப் பிழைக்கத் தொடங்கினாள்.

ஐப்பசியில் காவலர் நினைவு நாள் வந்தது. லடாக் எல்லையில் சீனாக்காரன் சுட்டுப் பத்துப் போலீஸ்காரர்கள் செத்த நாளை நாடு முழுக்க அனுசரிக்கத் தொடங்கி அப்போது ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. இனி வருஷா வருஷம் நீயும் அதில் நிற்பாய். துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து, தலையைக் குனிந்து எல்லாரும் நிற்க, அந்த வருஷம் நாடு முழுக்க டூட்டியில் செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பெயர், பதவி, ஊர், அவ்வளவுதான். கடைசியில் பியூகிள் ஊதுவார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. அந்த வருஷம் கண் கலங்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் அடுத்தது அவன் பெயர் வந்துவிடுமோ என்று பயந்து நின்றேன். வரவில்லை. எப்படி வரும்? என் டைரியின்படி அவன் நாலு மணிக்குத் திரும்பி வந்துவிட்டான்.

இரண்டு வருஷம் கழித்து என்னைப் பெரிய ஆபீஸுக்கு மாற்றினார்கள். மெட்ராஸிலிருந்து இங்கிலீஷில் வரும் அந்தப் பட்டியலை, அதிகாரி மேடையில் வாசிக்கும்படி தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிற வேலை என்னிடமே வந்து சேர்ந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, எழுதிக்கொண்டே வந்தவன், இரண்டு வடநாட்டுப் பெயர்களுக்கு நடுவில் "சவரிமுத்து, காவலர், திருச்சிராப்பள்ளி" என்று எழுதிவிட்டேன். நல்ல மனசோடு செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், காசு பணம் செலவில்லாமல், பேர் கெடாமல், பாவத்தைக் கழுவிவிடலாம் என்று பார்த்தேன். அதிகாரி நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில், தைத்த சட்டைகளைக் கொடுக்க வந்த ஆரோக்கியமேரி மூட்டையோடு நின்றிருந்தாள். நான் திரும்பியபோது அவள் மண்ணில் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுவாரமே அவள் ஆபீஸுக்கு மனு எடுத்துக்கொண்டு போனாள். புருஷன் பேரை மைதானத்தில் வாசித்தார்கள், எனக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். குமாஸ்தா மெட்ராஸ் பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பெயரே இல்லை, பொய் மனு கொடுத்தால் உள்ளே போவாய் என்று விரட்டிவிட்டான். அங்கிருந்து நேரே நம் வீட்டுக்கு வந்தாள். நீ காலேஜுக்குப் போயிருந்தாய். "அண்ணே, நீங்கதான அந்தப் பேரெல்லாம் எழுதுனது? அவங்க பேர வாசிச்சாங்கல்ல? நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னாப் போதும்ண்ணே" என்றாள். நான் எழுதிய தாள் அப்போதே அடுப்பில் போயிருந்தது. அவள் முகத்தைப் பார்த்து, "இல்லையேம்மா. வாசிக்கவே இல்லையே. நீ அவன் நெனப்பாவே நின்னுருப்ப" என்றேன். அவள் கையிலிருந்த மனுவை மடித்தாள். பிறகு, "சரிங்க ஏட்டய்யா" என்றாள். அண்ணே போய் ஏட்டய்யா ஆகிவிட்டேன்.

உன் அம்மா காப்பி டம்ளரோடு நடையில் நின்றிருந்தாள். அவளிடம் நான் ஒன்றும் சொன்னதில்லை, ஆனால் முப்பது வருஷம் ஒரு பொய்யனோடு குடித்தனம் நடத்தியவளுக்குச் சொல்லித்தானா தெரிய வேண்டும்? "காப்பி குடிக்காமப் போயிட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்கடுத்த ஆடிப்பெருக்கிலிருந்து நம் வீட்டில் சித்திரான்னம் கிளறுவதில்லை. நீ கேட்டபோது முழங்கால் வலி என்றாள்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்று நீ கேட்பாய். எனக்கு இன்னும் மூன்று மாதச் சர்வீஸ்தான் பாக்கி. ஸ்டேஷன்களில் காலாவதியான ஏடுகளை எரிப்பதற்கு இந்த மாதம் பட்டியல் தயாரிக்கிறோம். தயாரிப்பவன் நான்தான். அந்த வருஷத்து டைரியும் அதில் இருக்கிறது. கையை வைக்காமல் சும்மா இருந்தால் மார்கழிக்குள் அது சாம்பல். நான் பென்ஷனோடு வீட்டுக்கு வந்துவிடலாம், ஊர் என்னை நேர்மையான ஏட்டய்யா என்று சொல்லிக்கொண்டிருக்கும். போன மாதம் அந்த ஏட்டைத் தனியாக எடுத்து வைத்தேன். ஒரு மணி முதல் ஆறு மணி வரைக்கும் உள்ள வரிகள் ஒரே மூச்சில், ஒரே மசியில், ஒரு அடித்தல் இல்லாமல் இருக்கின்றன. வெள்ளம் ஓடிய ஒரு பண்டிகை நாளில் எந்த ஸ்டேஷன் டைரியும் அப்படி இருக்காது.

எடுத்து வைத்த மூன்றாம் நாள் ஆபீஸ் வாசலில் ஒருத்தர் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பழைய இன்ஸ்பெக்டர் இப்போது எங்கேயோ உயரத்தில் இருக்கிறார், இவர் அவருக்கு வேண்டியவர். சிரித்த முகமாகப் பேசினார். "அய்யா ஒங்கள விசாரிச்சாரு. ரிட்டயர் ஆகப்போறீங்களாமே, சந்தோசம்னாரு. பையன் வேலூருக்குப் போறானாமே, நல்லபடியா முடிக்கட்டும்னு சொல்லச் சொன்னாரு." அவ்வளவுதான். சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டு, பின் சக்கரத்தில் காற்றில்லை, பார்த்துப் போங்கள் என்றார். காற்று நிறைய இருந்தது. நீ அப்போது டிரங்குப் பெட்டிக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாய். அதனால்தான் நீ வண்டி ஏறுகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. மடியில் கனம், வழியில் பயம். பயம் எனக்காக இருந்தால் பரவாயில்லை.

நான் உண்மையை எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று மறைக்காமல் சொல்கிறேன். என்னை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்து பெல்ட்டைக் கழற்றி வாங்குவார்கள். பென்ஷன் நிற்கும். கேஸும் போடலாம். உன் பெயருக்கு எதிரே யாராவது பென்சிலால் ஒரு கோடு போடுவான். எங்கே போனாலும் அந்தக் கோடு உனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். பொய் டைரி எழுதினவன் மகன் என்பார்கள். உன்னிடம் அனுமதி கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்லமாட்டாய், அதனால் கேட்பது அக்கிரமம். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதைவிட அக்கிரமம். உனக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உன் கீழே ரைட்டர்கள் இருப்பார்கள், என்னைவிட அழகாக எழுதுவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆள் வந்துவிட்டானா என்று எழுந்து போய் வெளியே பார். அன்றைக்கு அந்த இன்ஸ்பெக்டர் எழுந்து பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நீ மட்டும்தான் எழுந்து நின்றாய், உன்னையும் பிடித்து உட்கார வைத்தேன்.

இன்று காலையில் பாலக்கரைக்குப் போனேன். தெருவிலேயே தையல் மிஷின் சத்தம் கேட்டது. ஆரோக்கியமேரி உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. ஆடிப்பெருக்கு அன்று நான் எழுதியதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மணி வரியைச் சொன்னபோது மிஷின் நின்றது. அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், அந்த இன்ஸ்பெக்டர் பெயரைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றைத்தான் கேட்டாள். "அன்னிக்கு மைதானத்துல பேர வாசிச்சது?"

"வாசிச்சாங்கம்மா. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

அவள் உள்ளே திரும்பி மூத்த பெண்ணைக் கூப்பிட்டாள். "ரோசி, இங்க வா. இவரு சொல்றத நீயும் கேளு." அந்தப் பெண் ஈரக் கையோடு வந்து நின்றாள். நான் மறுபடி சொன்னேன். ஆரோக்கியமேரி மிஷினில் கிடந்த காக்கித் துணியை மடித்தபடி என்னைப் பார்த்தாள். "நாலு வருசமா எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், ஏட்டய்யா. இல்லாத சத்தமெல்லாம் காதுல கேக்குதுன்னு. என் புள்ளைங்களும் அப்படித்தான் நெனச்சுதுங்க. வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போச்சுங்க. அடுப்பக்கூட என்னைத் தனியா பத்த வைக்க விடறதில்ல. கல்லறைத் திருநாளுக்குக் கோயில்ல அவங்க பேர வாசிக்கறப்பகூட, நெசமாவே வாசிக்கறாங்களான்னு பக்கத்துல இருக்கறவங்கள கேட்டுக்குவேன்."

தம்பி, எட்டு வருஷமாக நான் ஒரு செத்தவனுக்குச் செய்த குற்றத்தையே நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். உயிரோடிருப்பவளுக்குச் செய்தது எனக்குத் தெரியவே இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீஸில் பெரிய அதிகாரி இருப்பார், நீயும் மனுவோடு வா, நான் எழுத்து மூலமாகச் சொல்கிறேன் என்றேன். "நீங்க வருவீங்கன்னு நான் எப்படி நம்பறது?" என்றாள். வேண்டுமானால் இப்போதே எழுதித் தருகிறேன் என்று பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். "எழுத வேணாம். வந்து நில்லுங்க."

இன்று வெள்ளிக்கிழமை. இந்தக் கடிதம் திங்கட்கிழமை உன் கைக்கு வரும். மறுநாள் செவ்வாய் நினைவு நாள். நீ வேலூர் மைதானத்தில் முதல் தடவையாகத் தலை குனிந்து நிற்பாய், பெயர்களை வாசிப்பார்கள். சவரிமுத்து பெயர் இந்த வருஷமும் அதில் இருக்காது. நான் போனேன், சொன்னேன் என்று இந்தக் கடிதத்தில் உனக்கு எழுதி முடிக்கத்தான் கை போகிறது. ஆனால் நான் இன்னும் அங்கே போகவில்லை. அதனால் எழுதவில்லை. புதன்கிழமைக்குள் என்னிடமிருந்து வேறு சேதி வராவிட்டால், லீவு கேட்டு வண்டி ஏறி வா. என்னிடம் வராதே. பாலக்கரைக்குப் போய், உங்கப்பன் வந்து நின்றானா என்று அவளிடம் கேள்.

உன் அப்பா